டேஷ்போர்டு வேலைக்கு முன்: பழைய காரின் அடையாளத் தகட்டைப் பத்திரப்படுத்துவது எப்படி

பழைய காருக்கு டேஷ்போர்டு வேலை செய்ய இறங்குகிறவர்கள் பெயிண்ட் நிறம், மீட்டர் கண்ணாடி, சுவிட்ச் குமிழ் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருப்பார்கள். டேஷ்போர்டுக்கு நேர் பின்னால், பானெட்டுக்கு அடியில் ரிவெட் அடித்து நிற்கிற, வண்டியின் எண் பொறித்த அந்தச் சின்னத் தகடு மட்டும் யாருடைய கணக்கிலும் வராது. வேலை முடிந்து பார்த்தால் அதன் மேல் பெயிண்ட் ஏறியிருக்கும், இல்லையென்றால் எழுத்து பாதி தேய்ந்திருக்கும். சில சமயம் தகடே இருக்காது. டேஷ்போர்டை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்துகொள்ளலாம். தொழிற்சாலை அடித்த தகட்டுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.

முதல் விதியை இப்போதே சொல்லிவிடுகிறோம்: தகட்டை இருந்த இடத்திலேயே வைத்து, அதைச் சுற்றி வேலை செய்யுங்கள். தகட்டில் உள்ள எண்ணுக்கு எவ்வளவு மதிப்போ, அதைப் பிடித்திருக்கிற பழைய ரிவெட்டுக்கும் அவ்வளவு மதிப்பு. விவரம் தெரிந்த ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தால் எண்ணைப் படிப்பதற்கு முன் ரிவெட் தலையைத்தான் பார்ப்பார். பழைய தகட்டில் பளபளவென்று புது பாப் ரிவெட் (முன்பக்கமிருந்தே கருவியால் இழுத்து அடிக்கிற குழல் ரிவெட்) இருந்தால், 'இது எங்கிருந்து வந்த தகடு?' என்ற கேள்வி உடனே எழும். எண் சரியாகவே இருந்தாலும் அந்தச் சந்தேகம் வண்டியை விட்டுப் போகாது.

எந்தத் தகடு எங்கே இருக்கிறது

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் தயாரிப்பாளர் தகடு பெரும்பாலும் பயர்வாலில் (இன்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகரம்), இன்ஜின் பக்கமாக இருக்கும். 'நான் டேஷ்போர்டு வேலைதானே செய்கிறேன்' என்று பலர் நினைப்பது இதனால்தான். பயர்வால் ஒற்றைத் தகரம். அதன் முன்முகத்தில் தகடு. பின்முகத்தில், டேஷ்போர்டைக் கழற்றியதும் உங்கள் கண்ணுக்கு எதிரே, அந்த ரிவெட்டுகளின் வால்கள் சின்னச் சின்ன மொட்டுகளாக நீட்டிக்கொண்டிருக்கும். எதற்கென்று தெரியாத உதவியாளர் கிரைண்டரை வைத்து அதை வழித்துவிடுவார். அடுத்த நாள் முன்பக்கத்தில் தகடு ஆடும். டேஷ்போர்டைக் கழற்றியவுடன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்த வால்களைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு 'தொடாதே' என்று எழுதி வைப்பது.

ஜீப்புகளில் கதை வேறு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஓடுகிற மாதிரியான பழைய ஜீப்புகளில் கியர் வரைபடத் தகடு டேஷ்போர்டின் முகத்திலேயே இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி என்றால் வரிசை எண் உள்ள தகடு உட்பட மூன்று தகடுகள் கிளவ் பாக்ஸ் கதவில் இருக்கும். அமெரிக்கக் கார்களில் 1960-களின் இறுதியிலிருந்து எண் தகட்டை டேஷ்போர்டின் மேல் விளிம்பில், முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி வைத்தார்கள். பூ வடிவத் தலையுள்ள சிறப்பு ரிவெட் அதில் இருந்தால், அதைத் தொடவே வேண்டாம்.

இவை தவிர விற்பனையாளரின் பெயர் பொறித்த சின்ன எனாமல் தகடு, பாடி எண் தகடு, டயர் காற்றழுத்தத் தகடு, 1980-களுக்குப் பிந்தைய வண்டிகளில் ஃபாயில் ஸ்டிக்கர் என்று பலவும் இருக்கலாம். விற்பனையாளர் தகட்டுக்குச் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது. ஆனால் வண்டி முதலில் எந்த ஊரில் இறங்கியது என்று சொல்கிற ஒரே சாட்சி பல சமயம் அதுதான். அதையும் இதே கவனத்தோடு நடத்துங்கள்.

தொடுவதற்கு முன் பதிவு

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துத் தகட்டு எண்ணோடும், சேசிஸில் நேரடியாகக் குத்தியிருக்கிற எண்ணோடும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சம்பிரதாயத்துக்குச் செய்கிற வேலை இல்லை. 1956 நவம்பர் 1-க்கு முன் இது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி. பின்னாலும் திருவனந்தபுரத்தோடு வண்டி வாங்கல் விற்றல் நின்றதில்லை. திருவனந்தபுரத்தின் பழைய கேஎல்டி எண்ணில் பதிவாகி, கைமாறி, இன்று நாகர்கோவிலின் டிஎன் 74-லோ மார்த்தாண்டத்தின் டிஎன் 75-லோ ஓடுகிற கார்கள் உண்டு. ஒவ்வொரு முறை பதிவு மாறும்போதும் எண்ணை யாரோ ஒருவர் கையால் எடுத்து எழுதியிருப்பார். 3, 8, பி மூன்றும் ஒன்றுக்கொன்று மாறிப்போகும். சுழியும் ஓ எழுத்தும் அப்படித்தான். பொருந்தாமை இருந்தால் அதை ஆர்டிஓ அலுவலகத்தில் தீர்த்துவிட்டுத்தான் திருப்புளியை எடுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு போனால், நீங்கள்தான் மாற்றினீர்கள் என்று ஆகிவிடும்.

பிறகு படம். நேராக ஒன்று, நான்கு பக்கமும் சாய்த்து ஒவ்வொன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, சுற்றுப்புறம் தெரிய இரண்டடி தள்ளி நின்று ஒன்று. பிளாஷ் வேண்டாம், உலோகத்தில் வெள்ளையாக அடிக்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தின் பள்ளம்கூட நிழலோடு தெரியும். ரிவெட் தலை ஒவ்வொன்றையும் தனியாக, பின்பக்க வாலையும் தனியாக எடுங்கள்.

அதன் பின் அச்சு. மெல்லிய தாளைத் தகட்டின் மேல் வைத்து நான்கு மூலையிலும் விரலால் அழுத்திப் பிடித்து, 2பி பென்சிலைப் படுக்க வைத்து ஒரே திசையில் லேசாகத் தேயுங்கள். ஆர்டிஓ பரிசோதனைக்கு சேசிஸ் நம்பர் அச்சு எடுப்பார்களே, அதே முறை. மூன்று பிரதி எடுத்துத் தேதி எழுதி வையுங்கள்.

கடைசியாக அளவு. தகட்டின் ஒவ்வொரு விளிம்பும் பக்கத்திலுள்ள போல்ட் துளையிலிருந்து எத்தனை மி.மீ. தூரம், ரிவெட் தலையின் குறுக்களவு என்ன என்று வெர்னியரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தகடு லேசாகச் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வையும் குறியுங்கள். தொழிற்சாலையில் அப்படித்தான் அடித்திருப்பார்கள். அதை 'நேராக்க' வேண்டிய அவசியம் இல்லை.

காலமும் இடமும்

கன்னியாகுமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சென்னைப் பெயிண்டர் சொல்கிற நாட்காட்டி இங்கே செல்லாது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது லாக்கர் பெயிண்ட் வெள்ளை பூக்கும். பெயிண்டரும் தின்னரைக் கூட்டிக் கூட்டி அடிப்பார். அந்தத் தின்னர்தான் டேப்புக்கு அடியில் புகுந்து தகட்டின் கறுப்பு மையைக் கரைக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு நல்ல காலம். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் திறந்த கொட்டகையில் பெயிண்ட் அடிக்கவே கூடாது, தூசி அவ்வளவும் ஈரப் பெயிண்டில் ஒட்டும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரி கடலோரத்தில் பட்டறை இருந்தால் இன்னொன்று சேரும். உரித்த தகரம் ஒரே இரவில் உப்புக் காற்றில் செம்பழுப்பாகிவிடும். எனவே உரிப்பதும் பிரைமர் அடிப்பதும் ஒரே நாளில் முடிகிற அளவுக்கு மட்டும் பெயிண்டை உரியுங்கள்.

டேஷ்போர்டை வெளியே எடுத்தல்

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். முன் சீட்டுகளை எடுத்துவிட்டால் படுத்து வேலை செய்ய இடம் கிடைக்கும். ஒவ்வொரு வயருக்கும் எண் எழுதிய டேப், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பெயர் எழுதிய பொட்டலம். ஸ்பீடோமீட்டர் கேபிளை மீட்டருக்குப் பின்னால் கையால் திருகிக் கழற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. தகடு டேஷ்போர்டின் முகத்திலேயே இருந்தால், பேனலைத் தரையில் குப்புறப் போடாமல் பழைய போர்வை விரித்துச் சாய்த்து நிறுத்துங்கள்.

மூடும் முறை

இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டிவிட்டு 'மூடியாச்சு' என்கிறார்கள். வெயிலில் டேப் பசை இளகி எழுத்துக்குள் இறங்கும். ஒரு வாரம் கழித்து உரித்தால் பசை தகட்டிலேயே நிற்கும், அல்லது பழைய மையை உரித்துக்கொண்டு வரும். தகட்டின் முகத்தில் பசை படவே கூடாது. அதற்கு மூன்று அடுக்கு வேண்டும்.

முதலில் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து ஒற்றி எடுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம், அதிலுள்ள உப்பு ரிவெட்டுக்கு அடியில் தங்கும். ஒரு மணி நேரம் காய விடுங்கள். வாக்ஸ், எண்ணெய் எதுவும் இப்போது கூடாது. அது பக்கத்துத் தகரத்தில் பட்டால் பெயிண்ட் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும்.

அடுத்து, தகட்டின் அளவுக்குச் சரியாக பட்டர் பேப்பரை வெட்டி முகத்தில் வையுங்கள். இது முதல் அடுக்கு. அதன் மேல் பழைய எக்ஸ்ரே பிலிமை எல்லாப் பக்கமும் 2 மி.மீ. கூடுதலாக வெட்டி வையுங்கள். வளையும், கிழியாது, தின்னர்ச் சாரல் பட்டாலும் உடனே ஊறாது. இரண்டையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூன்றாவது அடுக்காக நல்ல தரமான மாஸ்கிங் டேப்பை பிலிமின் விளிம்பும் தகரமும் சேருகிற இடத்தில் மட்டும் ஒட்டுங்கள்.

ஒட்டுகிற வரிசை முக்கியம். ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்வது போல, கீழ் விளிம்பு முதலில், பக்கங்கள் அடுத்து, மேல் விளிம்பு கடைசியில். மேல் டேப் கீழ் டேப்பின் மேல் படிந்திருந்தால் மேலிருந்து வழிகிற எதுவும் வெளியே போய்விடும். மாற்றி ஒட்டினால் உள்ளே போகும். துரு நீக்கிகளில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள கவுல் பகுதியில் தடவியது மெல்ல வழிந்து வந்து அலுமினியத் தகட்டில் ஒரு சொட்டு நின்றால் போதும், அந்த இடம் சாம்பல் நிறமாக வெளுத்துவிடும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

மணல் அடிக்கிற இடத்தில் இந்த மூன்று அடுக்கும் போதாது. டேப்பை மணல் சில நொடிகளில் தின்றுவிடும். லாரி டியூபை வெட்டி இரட்டை அடுக்காக மேலே கட்டினால் ரப்பர் மணலைத் துள்ள வைக்கும். அப்படியும் தகட்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மணல் அடிக்காமல் விடுவதே நல்லது. அந்த இடத்தைக் கையால் செய்யலாம்: பழைய பெயிண்டை மரச் சில்லால் சுரண்டி, 180, 320, 600 என்று உப்புத்தாளை விரலில் மடித்துத் தேய்த்தால் ஒரு மணி நேர வேலை. பெயிண்ட் ரிமூவர் டேப்பையே கரைக்கும், ஒரு சாணுக்குள் அது வரவே கூடாது. ஹாட் ஏர் கன்னும் வேண்டாம்.

பயர்வாலில் வெல்டிங் தேவைப்பட்டால், மூடிய தகட்டின் மேல் ஒரு தகரத் துண்டும் அதற்கு மேல் ஈரச் சாக்கும் தொங்க விடுங்கள். வெல்டிங் பொறி பட்ட தகட்டில் கறுப்புப் புள்ளி உருகி உட்கார்ந்துவிடும். சூடு பரவுகிறதா என்று அடிக்கடி தகரத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

டேப்பை எடுக்கும் நேரமும் உண்டு. கடைசிப் பூச்சு கையில் ஒட்டாத பதம் வந்ததும், முழுசாக இறுகுவதற்கு முன் எடுக்க வேண்டும். டேப்பை அதன் மேலேயே மடக்கி, தகரத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில், மெதுவாக இழுங்கள். இரவு முழுக்க விட்டால் பெயிண்ட் விளிம்பு டேப்போடு கிழிந்து வரும். வேலை பல நாள் நீண்டால் பழைய மூடலை எடுத்துவிட்டுப் புதிதாக மூடுங்கள், ஒரே டேப் ஒரு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது.

கழற்றியே தீர வேண்டிய நேரம்

இரண்டு காரணங்களை மட்டும் நியாயம் என்று ஒத்துக்கொள்ளலாம். தகட்டுக்குப் பின்னால் துரு பொங்கித் தகடு உப்பியிருப்பது ஒன்று, அந்தத் தகரத்தையே வெட்டி மாற்ற வேண்டியிருப்பது இன்னொன்று. 'பெயிண்ட் சுத்தமாக வரும்' என்பது காரணம் ஆகாது. கழற்றுவதென்று முடிவானால், வேலைக்கு முன் படங்களோடும் பென்சில் அச்சோடும் ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கமிருந்து உளி வைத்துத் தட்டாதீர்கள். ஒரு தட்டில் தகட்டின் மூலை மடிந்துவிடும், மடிந்த அலுமினியத்தை நிமிர்த்தினால் கோடு விழும். பின்பக்கமிருந்து போங்கள். கெட்டி ரிவெட் என்றால் வாலைச் சின்ன அரத்தால் தகர மட்டத்துக்கு ராவி, ரிவெட் தண்டைவிடச் சற்று மெல்லிய பஞ்ச் கம்பியால் மெதுவாக முன்னே தள்ளுங்கள். தகட்டில் ஒரு கருவியும் படாமல் ரிவெட் முழுத் தலையோடு கையில் வரும். முறுக்கு வரி உள்ள டிரைவ் ஸ்க்ரூவானால், பின்னால் முனை தெரிகிற பட்சத்தில் அதே பஞ்ச் கம்பியால் தள்ளலாம்.

முன்னால் ஏற்கெனவே பாப் ரிவெட் அடித்திருந்தால், யாரோ முன்பு கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதையும் குறித்து வையுங்கள். அதை எடுக்க, மெல்லிய பித்தளைத் தகட்டில் ரிவெட் தலை அளவுக்கு ஓட்டை போட்டுக் கவசமாக வைத்து, தலையை மட்டும் துளையுங்கள். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3 மி.மீ. பிட் போதும். கை டிரில்லால் சுற்றுங்கள். மின் டிரில்லில் ரிவெட் தானும் சேர்ந்து சுழன்று தகட்டில் வட்டக் கீறல் போடும்.

தகடு வந்ததும் அதற்கு அடியில் பாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு தகடு பொருத்தப்பட்ட வண்டி என்றால், தொழிற்சாலை நிறம் வெயில் படாமல் அங்கே அப்படியே இருக்கும். நிற அட்டைக்கு அதைவிட நல்ல மாதிரி கிடையாது. உரிப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, பெயிண்ட் கடைக்காரரிடம் காட்டி நிறம் பொருத்திக்கொள்ளுங்கள்.

மர டேஷ்போர்டில் சின்ன ஆணியில் நிற்கிற விற்பனையாளர் தகட்டை நெம்பக் கூடாது. பின்னால் பல் இடுக்கு நூலை விட்டு அறுப்பது போல முன்பின் இழுத்தால் பழைய வார்னிஷ் பிடி விடும். ஆணி தானாகத் தளரும்.

கழற்றிய தகட்டையும் ரிவெட்டுகளையும் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு, வீட்டு பீரோவில் ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். பட்டறையில் ஒரு நாள்கூட விடாதீர்கள். மாலையில் பெருக்கித் தள்ளுகிற குப்பையோடு அது ஆக்கர் கடை எடைக்குப் போய்விட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சுத்தம் செய்கிறோம் என்று கெடுப்பது

தகடு எந்த உலோகம் என்று முதலில் பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் பின்பக்கம் மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளையாக லேசாக இருந்தால் பெரும்பாலும் அலுமினியம்.

பித்தளையைக் கண்டதும் நம் வீடுகளில் கை தானாகப் புளிக்கும் பீதாம்பரிப் பொடிக்கும் போகும். குத்துவிளக்குக்கு அது சரி. தகட்டில் எழுத்தைச் சுற்றியிருக்கிற கறுப்பு மை அதில் ஒரே தேய்ப்பில் போய்விடும், அமிலத்தால் எழுத்தின் ஓரம் மழுங்கும். அலுமினியத்துக்குப் புளி, எலுமிச்சை, காஸ்டிக் சோடா எல்லாமே எதிரி. பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் பள்ளமாக அடித்த எண் ஆழம் குறைந்து, அடுத்த பென்சில் அச்சில் பாதி விழாது. கறை படிந்த தகடு பழைய தகடாகவே தெரியட்டும்.

டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு, காது குடையும் பஞ்சுக் குச்சி, பொறுமை. இவ்வளவுதான் வேண்டும். பழைய பெயிண்ட்ச் சாரல் படிந்திருந்தால் மூங்கில் பல்குச்சியின் முனையால் தட்டித் தட்டி எடுங்கள். டேப் பசை இருந்தால் மினரல் டர்பன்டைன் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டு, எழுத்தில்லாத மூலையில் சோதித்த பின் பயன்படுத்துங்கள். தின்னர் கூடவே கூடாது.

தேங்காயெண்ணெய் தடவினால் ஒரு நாள் மினுங்கும். பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகும். தகட்டின் மேல் கிளியர் லாக்கர் அடிப்பதும் இங்கே ஆகாது. விளிம்பில் எங்காவது ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும், உப்பு ஈரம் அதில் நுழைந்தால் லாக்கருக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் ஓடும். எல்லா பெயிண்ட் வேலையும் முடிந்த பிறகு, தேய்ப்புத் துகள் இல்லாத கார் வாக்ஸை மெல்லியதாக ஒரு முறை பூசித் துடைத்தால் போதும்.

திரும்பப் பொருத்துதல்

துளைகளின் உள் விளிம்பு வரை எபாக்சி பிரைமர் போக வேண்டும். இரும்புத் தகரமும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். எனவே நடுவில் தகட்டைவிட ஒரு மி.மீ. சிறியதாக வெட்டிய பாலியஸ்டர் பிலிம் வையுங்கள், வெளியே தெரியாது. பெயிண்ட் முழுசாக இறுகக் குறைந்தது ஒரு வாரம் கொடுங்கள். அவசரப்பட்டால் தகடு ஈரப் பெயிண்டில் அமுங்கி ஒட்டிக்கொள்ளும்.

பழைய ரிவெட்டின் அதே வகை, அதே தலை அளவு. டிரைவ் ஸ்க்ரூ தள்ளி எடுத்திருந்தால் அதையே திரும்ப அடிக்கலாம். துளை தளர்ந்திருந்தால் பெரிய ரிவெட்டைத் திணிக்காமல் பின்பக்கம் ஒரு சொட்டு எபாக்சி வைத்துப் பிடிப்பு கொடுங்கள். முதலில் எதிரெதிர் மூலைகள் இரண்டு, அளவுக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பின் மற்ற இரண்டு.

தகடு ஏற்கெனவே தொலைந்திருந்தால், புதுத் தகடு வாங்கி நம்பர் பஞ்ச் வைத்து எண் அடித்து மாட்டாதீர்கள். திருட்டு வண்டியை நல்ல வண்டியாகக் காட்டுகிறவர்கள் செய்வதும் இதுதான். பார்ப்பவருக்கு உங்கள் நோக்கம் தெரியாது. சேசிஸில் குத்திய எண் தெளிவாக இருந்தால் வண்டியின் அடையாளம் அங்கே இருக்கிறது. தகடு இருந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஆர்டிஓவில் கேட்டு மேற்கொண்டு செய்யுங்கள்.

50 வயது தாண்டிய வண்டி என்றால் இன்னொரு காரணமும் சேரும். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பிரிவின்படி, சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கிற வண்டிக்கு விஏ எழுத்துள்ள தனிப் பதிவெண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. அந்தப் பரிசோதனையில் அசல் ரிவெட்டோடு நிற்கிற தகடு உங்களுக்காகப் பேசும்.

எல்லாம் முடிந்ததும் முதலில் எடுத்த அதே கோணங்களில் மறுபடி படம் எடுங்கள், மறுபடி பென்சில் அச்சு எடுங்கள். பழைய அச்சையும் புது அச்சையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்தோடு எழுத்து படிந்தால் இரண்டையும் தேதி போட்டு ஆர்.சி. புத்தக உறைக்குள் வைத்துவிட்டு, பேட்டரி வயரை மாட்டலாம்.